விலை இறங்கிய வியாழக்கிழமை

அநியாயம் செய்யப்பட்டவள் பவதாரிணி, எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. செய்தவர் குணசேகர், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், முதல் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். செய்தது இது: நாளைக்கு விலை இறங்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே, நாளைக்கு ஏறப்போகிறது என்று சொல்லி, கம்ப்யூட்டரில் படத்தை வேகமாக ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை அவள் தலையில் கட்டினார். முப்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மறுநாள் காலையில் அதே கார்டு, அதே பெட்டி, அதே தெரு, இருபத்தெட்டாயிரத்து நானூறு. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடிகிறதே என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். சுருக்கிச் சொன்னால் கேட்கிறவர்கள் வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், நாலாயிரத்து ஐநூறு, போனால் போகட்டும் என்கிறார்கள். அப்பா நெய்வேலியிலிருந்து போனில் அதைத்தான் சொன்னார், கடைக்காரன்கிட்ட உனக்கு என்னம்மா வம்பு, படிக்கிற வேலையைப் பாரு. ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி, அவள் இன்னும் ஒரு படி மேலே போய், ஏட்டி, விலைன்னா ஏறும் இறங்கும், நீ படிக்கிற படிப்பே அதானே, என்றாள். ஏறியதும் இறங்கியதும் இல்லை விஷயம். அதற்காக யார் மேல் கோபப்பட முடியும், மழை பெய்ததற்குக் கோபப்படுகிற மாதிரி. ஆனால் மழை வரப்போகிறது என்று தெரிந்த ஒருத்தர், வெயில்தாம்மா, தைரியமாகப் போ என்று சொல்லி, நம் கையில் இருந்த குடையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினால் அதற்கு என்ன பெயர்.

மணி இரண்டே கால், குணசேகர் கடை. முதலாளி சாப்பிடப் போயிருக்கார், வந்துருவார், உக்காரு என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலாலேயே நகர்த்திப் போட்டுவிட்டு, பில் போடுகிற ஹேமா அக்கா தன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம், மோர் மிளகாய். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டொக் என்றது, அசையாமல் இருக்கப் பார்த்தால் நினைப்பு எல்லாம் அந்தக் காலுக்கே போனது. சுவர் முழுக்க கார்டுப் பெட்டிகள், தரையிலிருந்து கூரை வரை, எல்லாம் காலிப் பெட்டிகள், அழகுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று விசிறி, ஒரு நெருப்பு, இரும்புச் சட்டை போட்ட ஒருத்தன் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு பெயின்ட் வாளியில் விழுந்தது. கீழே சந்தில் கைவண்டிக்காரர் யாரையோ ஓரம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அழக்கூடாது. இதை பஸ்ஸிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், துக்கத்துக்கு வராது, சினிமாவுக்கு வராது, கோபத்துக்கு மட்டும் குழாய் திறந்த மாதிரி வரும். எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் ஒரு மார்க்கைத் தப்பாகக் கூட்டியதை எடுத்துச் சொல்லப்போய், சொல்லி முடிப்பதற்குள் அழுது, டீச்சர் ஐயோ பாவம் என்று ஒரு மார்க்கைப் போட்டார்கள். பாவம் என்று போட்டார்கள், கூட்டல் சரி என்று போடவில்லை. அந்த ஒரு மார்க் இன்னும் அவளுக்கு உறுத்துகிறது. இன்றைக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. குணசேகர், பாவம் பொண்ணு என்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கையில் வைத்தால் அதைவிட அவமானம் இல்லை. டொக். அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அதைக் கேட்காமல் இந்தக் கடையை விட்டுக் கிளம்புவதில்லை.

போன வாரம் போனில் கேட்டபோது அவர் சிரித்தார். எனக்கு எப்படிம்மா தெரியும், நானும் உன்ன மாதிரி வெள்ளிக்கிழமை காலைல எழுந்து பாத்து தலையில கை வெச்சவன்தான், என்றார். தலையில் கை வைத்தவராம். வியாழக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் நின்றபோது அவர் தலையில் கை வைக்கவில்லை, கால்குலேட்டரில்தான் வைத்தார், டாலர் ரேட்டை அடித்துக் காட்டினார், கப்பல் லேட் என்றார், நாளைக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் ஏறிடும் தங்கச்சி, நான் பொய் சொல்ல மாட்டேன், என்றார். பொய் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தர் தானாக வந்து சொன்னபோதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏனென்றால் அவள் அதற்கு முன் ஆறு கடை ஏறி இறங்கியிருந்தாள். இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு, விலை கேட்டால் வாயால் சொல்ல மாட்டார்கள், கடையின் விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதித் தருவார்கள். அடுத்த கடைக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையில் என்ன கார்டு இருக்கிறது என்று பார்ப்பார், வாங்கித் திருப்பிப் படிப்பார், அவரும் அதையே எழுதுவார். ஆறு கார்டு, ஆறிலும் முப்பத்து மூவாயிரத்து நூறு. ஏழாவதாக குணசேகர் இருநூறு குறைத்து எழுதினார். அந்த இருநூறைப் பார்த்து அவள் மனம் குளிர்ந்துவிட்டது. முதுகலைப் பொருளாதாரம். நினைத்தால் காது சுடுகிறது. ஆறு பேர் ஒரே விலை சொல்லும்போது அதைச் சந்தேகப்படத் தெரிந்தவளுக்கு, ஏழாமவர் இருநூறு குறைத்ததைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஏன் குறைத்தார். அன்றைக்கே தள்ளிவிட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு இருந்ததால் குறைத்தார். அந்த அவசரத்தைப் போட்டி என்று நினைத்துவிட்டாள்.

போட்டி என்றால் என்ன. இரண்டு பேர் போதும் என்று வகுப்பில் போர்டில் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரே சரக்கை விற்கும் இரண்டு பேர், ஒருத்தர் ஒரு பைசா குறைப்பார், மற்றவர் இன்னொரு பைசா குறைப்பார், அப்படியே படிப்படியாக இறங்கி, ஆக்கின செலவில் வந்து நிற்பார்கள். பரீட்சையில் இதற்குப் பதினைந்துக்குப் பதினாலு வாங்கினாள். சினிமா எடுக்கிறவர்கள் வாங்கும் பெரிய கார்டுகளுக்கு யாரும் விலை கேட்பதில்லை, கேட்கிற ஆளுக்கு அது இல்லை. அடிமட்டக் கார்டில் லாபம் கிடையாது, அதற்காக யாரும் கட்டிப் புரள மாட்டார்கள். நடுத்தர விலைக் கார்டில்தான் உண்மையான சண்டை, ஏனென்றால் நடுவில் இருக்கிறவர்கள்தான் ஏழு கடை ஏறுகிறவர்கள், மூன்று மாதம் யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ட்யூஷன் எடுத்துப் பதினாலு மாதம் சேர்த்தவர்கள். அந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது. ஒரு கம்பெனி ஒரு வருஷமாக விலையை இறக்காமல் வீம்பாக நின்றது. எதிர்க் கம்பெனி அதைவிட நினைவகம் அதிகமான கார்டை அதைவிடக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து இறக்கியது. முதல் கம்பெனிக்கு வேறு வழியில்லை, ராவோடு ராவாக விலையை வெட்டியது. வெள்ளிக்கிழமை காலை மெஸ்ஸில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து இதைப் போனில் படித்தபோது முதலில் நாலாயிரத்து ஐநூறு போச்சே என்று கணக்குப் போட்டாள், அடுத்த நொடி, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. படத்தில் போட்ட கோடு உலகத்தில் ஓடுகிறது. தோற்றது நான், ஜெயித்தது பாடம், என்று ஜெசிந்தாவிடம் சொன்னாள். ஜெசிந்தா சாம்பார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒனக்குக் கிறுக்கு முத்திட்டுட்டி, என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கோபமே இல்லை. துரதிர்ஷ்டத்தின் மேல் என்ன கோபம். ஒரு நாள் முந்திவிட்டோம், அவ்வளவுதான், என்றுதான் பத்து நாள் இருந்தாள். அந்தப் பத்து நாளும் தினம் சாயங்காலம் கம்ப்யூட்டரில் விளையாடினாள். ஆமாம், விளையாடத்தான் வாங்கினாள். புராஜெக்ட்டுக்கா என்று குணசேகர் கேட்டபோது ஆமாம் என்று ஏன் தலையாட்டினாள் என்று தெரியவில்லை, பையன்கள் யாரும் அப்படித் தலையாட்டுவதில்லை. ஒரு சீனியரிடம் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் முதலில் அந்த விளையாட்டு படம் படமாக நகரும், கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி. கார்டு போட்ட அன்றைக்கு அதில் மழை பெய்தது. தெருவில் தண்ணீர் தேங்கி, கடை விளக்குகள் அதற்குள் தலைகீழாக நின்று, அவள் நடந்தால் கலைந்து மறுபடி கூடின. ஜெசிந்தாகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். டொக். அந்த மழையில் இப்போது நடக்க முடியவில்லை. விசிறி சுற்றும் சத்தம் கேட்டாலே குணசேகர் சிரிப்பது கேட்கிறது.

ஏனென்றால் பதினோராம் நாள் வாரண்டிக்குப் பதியப் போனாள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரைப் போட்டால் கம்பெனியின் இணையதளம் ஏற்க மாட்டேன் என்றது. இந்த நம்பருள்ள கார்டு டீலரின் கையிருப்பில் இருக்கிறது, விற்கப்படவில்லை. விற்கப்படவில்லையாம். அவள் மேஜை மேல், அவள் மழைக்குள், சுடச்சுடச் சுற்றிக்கொண்டிருந்தது. மவுண்ட் ரோடு சர்வீஸ் சென்டருக்கு பில்லை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு மேடம் நம்பரை அடித்துப் பார்த்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: விலை குறைச்சா டீலருக்கு நஷ்டம் வருமில்ல, அதனால விக்காம கையில இருக்கற பீஸுக்கு எல்லாம் குறைச்ச பணத்தை கம்பெனி குடுத்துரும்மா. முதல் நாள் காலைலயே சொல்லிருவோம், அவங்க நம்பர் எல்லாம் எழுதி லிஸ்ட் அனுப்பணும். உன் பீஸும் அந்த லிஸ்ட்ல இருக்கு. எப்ப அனுப்பினாங்க மேடம். வியாழக்கிழமை, பன்னெண்டு முப்பத்திரண்டு. அந்த இடத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, ஆச்சரியம்தான், வேறு என்னவோ வந்தது, கணக்கு டீச்சரிடம் வராமல் போன ஒன்று. அவள் பில்லில் மணி நாலு நாற்பது. அவள் படி ஏறுவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்பே அவர் அவள் கார்டின் நம்பரைத் தன் கையால் எழுதி, இதன் விலை இறங்குகிறது, என் நஷ்டத்தைக் கொடு என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு அவளிடம், ஏறப்போகிறது என்றார். கம்பெனியிடம் ஒரு தடவை, அவளிடம் ஒரு தடவை, ஒரே கார்டுக்கு. கலிஃபோர்னியாவில் இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொண்ட அடியில் விலை இறங்கி, கடல் தாண்டி, துறைமுகம் தாண்டி, மவுண்ட் ரோடு தாண்டி இந்தச் சந்து வரைக்கும் வந்துவிட்டது, இந்தக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது, மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மட்டும் வரவில்லை. மூன்றடி. பன்னிரண்டு முப்பத்திரண்டு என்று அந்த மேடம் ஒரு தாளில் எழுதி, வாரண்டி ஏன் பதியவில்லை என்ற காரணத்துக்குக் கீழே சீல் வைத்துக் கொடுத்தார். அது பைக்குள் இருக்கிறது. இருக்கிறதா. தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது. அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், இது பணிவு. சந்தையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தகவல் தெரிந்திருந்தால், இது செமினார், வேண்டாம், தூங்கிவிடுவார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், இது மிரட்டல், போ என்பார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டால். எல்லாரும் சேர்ந்து சிரித்தால். லிஸ்ட்ல தப்பா ஏறிடுச்சும்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அப்போது அழுகை வரும், நிச்சயம் வரும்.

"ரிட்டனா?" என்றாள் ஹேமா அக்கா, டப்பாவை மூடிக்கொண்டே.

"இல்லக்கா. ஒரு சந்தேகம்."

"எந்த கார்டு?" பெயரைச் சொன்னாள். ஹேமா அக்கா விரலைச் சப்பிவிட்டுச் சிரித்தாள். "அதுவா. அன்னிக்கு இருந்த ஸ்டாக் எல்லாத்தையும் தள்ளினோமே. மத்தியானத்துக்கு மேல மட்டும் ஒம்பது பீஸ். பில் போட்டுப் போட்டு என் தோள்பட்டையே போச்சு. தீபாவளிக்குக்கூட இந்த ஓட்டம் இல்ல. எல்லாம் உன்ன மாதிரி படிக்கிற புள்ளைங்கதான், ஒருத்தன் ஹெல்மெட்டைக்கூட கழட்டாம வாங்கினு போனான்."

ஒன்பது. ஸ்டூல் அசையவில்லை. இத்தனை நாளும் அவள் மனசுக்குள் அந்தக் கடையில் இரண்டே பேர்தான், அவளும் குணசேகரும். கோபம் முழுக்க ஒரு பெண்ணுக்கும் ஒரு கால்குலேட்டருக்கும் நடுவில் இருந்தது. இப்போது ஹெல்மெட் போட்ட ஒருத்தன் உள்ளே வந்தான், முகம் இல்லாமல். அவனுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் ஏழு பேர், பதினாலு மாதமோ பத்து மாதமோ சேர்த்தவர்கள், வீட்டில் புராஜெக்ட் என்று சொன்னவர்கள், வெள்ளிக்கிழமை காலையில் போனைப் பார்த்துவிட்டு, சரி, நம்ம ராசி அவ்வளவுதான் என்று இட்லியைப் பிட்டவர்கள். தங்கள் ராசியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருப்பார்கள். அவளும் பத்து நாள் அப்படித்தானே இருந்தாள், பாடம் ஜெயித்தது என்று தத்துவம் வேறு. முதல் தடவையாக, அழுதால்தான் என்ன என்று தோன்றியது. அழுகை பாட்டுக்கு அழுகை, பேச்சு பாட்டுக்குப் பேச்சு. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

குணசேகர் வாயில் பாக்கோடு உள்ளே வந்தார், நெற்றியில் வியர்வை, கையில் நன்னாரி சர்பத் பாட்டில். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாம்மா, நல்லா ஓடுதா? விலை இறங்கினதுக்கு இன்னும் வருத்தமா? எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா உனக்குச் சொல்லாம இருப்பனா, சொல்லு."

அவள் எதையும் ஆரம்பிக்கவில்லை. பணிவும் இல்லை, செமினாரும் இல்லை. எழுந்து, தாளை எடுத்து மேஜை மேல் வைத்து, பக்கத்தில் பில்லை வைத்து, தாளில் இருந்த மணியை ஒரு விரலாலும் பில்லில் இருந்த மணியை இன்னொரு விரலாலும் தொட்டுக்கொண்டாள். "இது நீங்க லிஸ்ட் அனுப்பின நேரம். இது எனக்கு வித்த நேரம்."

பாக்கு மெல்லுவது நின்றது. ஹேமா அக்கா டப்பாவைக் கழுவ எழுந்தவள் எழுந்த இடத்திலேயே நின்றாள்.

"லிஸ்ட்ல தப்பா ஏறியிருக்கும்மா," என்றார்.

"அப்போ கம்பெனிக்கு எழுதி, அந்த நம்பர் தப்பு, பணம் வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கன்னத்தில் இறங்கியது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. குரல் நடுங்கவில்லை. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம். அவர் அந்தக் கண்ணீரைப் பார்த்து ஒரு நொடி ஆறுதலானார், பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்த மாதிரி. "அழாதம்மா, உக்காரு. ஹேமா, தண்ணி குடு. பாரு தங்கச்சி, கம்பெனி குடுக்கறேன்னு சொல்ற பணம் நாளைக்கே வராது. மூணு மாசம், நாலு மாசம். அதுவரைக்கும் என் முதல் முடங்கிக் கெடக்கும். கடை வாடகை முடங்குமா? இந்தத் தெருவுல எல்லாரும்தான் பண்றான், நான் ஒருத்தன் நல்லவனா இருந்து என்ன ஆகப்போவுது?"

அவர் சொன்னதில் நியாயம் கொஞ்சம் இருந்தது, அதுதான் கஷ்டம், எப்போதும் அவளுக்கு எதிர்த் தரப்பின் நியாயம் ஒரு நொடி முன்னால் தெரிந்துவிடும். நான்கு மாதம் பணம் முடங்குவது சின்ன விஷயம் இல்லை. கம்பெனிகள் அடித்துக்கொள்வதில் அவரும்தான் நசுங்குகிறார். ஆனால் நசுங்கினவர் தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தேடினாரே.

"உங்க நஷ்டத்தைக் கேக்க உங்களுக்கு ஒரு லிஸ்ட் இருக்குண்ணா. எங்க நஷ்டத்தை நாங்க யார்கிட்ட லிஸ்ட் போட்டுக் கேக்கறது? இறங்கும்னு தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

குணசேகர் சர்பத் பாட்டிலின் மூடியைத் திருகினார், திறக்காமல் மறுபடி மூடினார். ஹேமா அக்காவைப் பார்த்தார். ஹேமா அக்கா அவரைப் பார்க்கவில்லை, பில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றார். பிறகு, யாரோ மறுபடி கேட்ட மாதிரி, கொஞ்சம் உரக்க, "தெரிஞ்சுதான் சொன்னேன்."

இதற்காகத்தான் வந்தாள். இத்தனை நாள் எரிச்சலும் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். கேட்டதும் உள்ளே எதுவோ பெரிதாக நிமிர்ந்து உட்கார்ந்தது, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கூட்டல் சரி என்று தானே சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள். கிளம்பிப் போய்விடலாம். சந்தில் இறங்கி ஒரு ஜூஸ் குடித்துவிட்டு, ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, ஏட்டி ஜெயிச்சுட்டேன் என்று அவள் பாஷையிலேயே சொல்லலாம். குணசேகர் கல்லாவைத் திறந்தார், எண்ணினார், ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைத் தாளின் மேல் வைத்துத் தள்ளினார்.

"நாலாயிரத்து ஐநூறு. உன் நம்பரை லிஸ்ட்லருந்து எடுக்கச் சொல்லி இப்பவே கம்பெனிக்கு மெயில் போடறேன், வாரண்டி உன் பேருக்கு வந்துரும். நீ கேட்டதையும் சொல்லிட்டேன். நம்ம விஷயம் முடிஞ்சுது, இல்லியா? இன்னும் என்னம்மா பாக்கி?"

பவதாரிணி நோட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஸ்டூலை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

"எட்டு பேர் பாக்கிண்ணா. அன்னைக்கு மத்தியானம் வாங்கினவங்க போன் நம்பர் எல்லாம் பில்லுலயே இருக்கும். ஹேமா அக்கா ஒவ்வொண்ணா படிக்கட்டும், நீங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, இப்ப என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. எட்டும் முடியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, சாயங்காலம் கிளாஸ் கிடையாது."